பேரெண் ஒன்றும் மூன்று அளவைகளும்

2015 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 17 ஆம் நாள் அமெரிக்காவின் மத்திய மிசூரிப் பல்கலைக்கழகத்திலே இயங்கிக்கொண்டிருந்த கணனியொன்று, தனக்கு இடப்பட்ட கணக்கை முடித்து, விடையை உரிய இடத்துக்கு அனுப்பிவைத்தது. 2 இன் 74,207,281 ஆம் வலுவிலிருந்து 1 ஐக் கழிக்க வரும் எண் முதன்மை எண் என்பதே அவ்விடை. அதுவரை மனிதர் அறிந்திருந்த முதன்மை எண்கள் யாவற்றிலும் அது பெரியது. 22,338,618 இலக்கங்களைக் கொண்டது. ஆயினும் அச்செய்தி எவர் கண்ணிலும் படவில்லை. 2016 சனவரி 7 ஆம் நாள், வழமையான பராமரிப்பு வேலையின்போது, சேர்ந்து கிடந்த விடைகளைத் துழாவியவிடத்தே அது வெளிப்பட்டது. இடையிற் கழிந்தவை 112 நாட்கள். அவ்வெண் கண்டுபிடிக்கப்பட்ட நாளாகப் பதியப்பட்டது கணனி விடையனுப்பிய நாளன்று. மனிதக் கண் அவ்விடையைப் பார்த்த நாளே.

இச்செய்தியை முதலில் வாசித்தபோது, பதிவேட்டு வழக்குப் பற்றிய ஒரு சிறு விநோதம் என்றே எண்ணி அப்பாற் சென்றேன். பின்னரே இதனுள் மெய்யியலின் பழைய வினாவொன்று உறைந்து கிடப்பது புலனாயிற்று. அந்த 112 நாட்களிலும் அவ்வெண் முதன்மை எண்ணாகவே இருந்தது என்பதில் ஐயமில்லை. அதற்கு முன்னரும், மனிதர் எண்ணத் தொடங்குவதற்கு முன்னருங்கூட, அது அவ்வாறே இருந்தது. 1940 இல் வெளிவந்த தமது சிறு நூலிலே ஹார்டி என்னும் ஆங்கிலக் கணிதவியலாளர் 317 என்ற எண்ணை எடுத்துக்கொண்டு இதனையே வற்புறுத்துவார். எண்ணின் முதன்மைத் தன்மை நமது மனத்தின் அமைப்பைப் பொறுத்ததன்று என்பது அவர் கட்சி. நானும் அக்கட்சியினனே. எனவே உண்மை பற்றிய வினா இங்கு எழவில்லை. எழுவது அறிவு பற்றிய வினா. அந்நாட்களில் அது முதன்மை எண் என்பது அறியப்பட்டிருந்ததா? அறியப்பட்டிருந்ததெனின், அறிந்தவர் யார்?

இவ்வினாவுக்குள் நுழையுமுன், இத்தகைய எண்கள் எவ்வாறு சோதிக்கப்படுகின்றன என்பதைச் சிறிது கூறவேண்டும். கணிதம் பயிலாத நண்பர்கள் இப்பகுதியைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. பெருக்கலும் வகுத்தலும் அறிந்தோர்க்கு இது போதும்.

2 இன் வலுவொன்றிலிருந்து 1 குறைந்த எண்களை மேர்சென் எண்கள் என்பர். சுருக்கம் நோக்கி, சுட்டி 7 ஆயின் மே-7 எனவும், 67 ஆயின் மே-67 எனவும் எழுதுவேன். மே-7 என்பது 127. மரேன் மேர்சென் பாரிசிலே வாழ்ந்த துறவி. 1644 இல் அவர் வெளியிட்ட நூலொன்றில், 257 வரையுள்ள சுட்டிகளுள் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய பதினொன்றே முதன்மை எண்களைத் தருவன என்று கூறிச் சென்றார். நிறுவல் தரவில்லை. அப்பட்டியலில் ஐந்து பிழைகள் இருந்தன. 67 உம் 257 உம் சேர்க்கப்படத்தகாதவை. 61, 89, 107 ஆகிய மூன்றும் விடுபட்டவை. பட்டியல் முழுவதும் சோதித்துத் திருத்தப்பட்டது 1947 இலேதான். ஒருவருடைய சொல்லைச் சரிபார்க்க உலகம் 300 ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது.

அப்பிழைகளுள் மே-67 இன் வரலாறு நமது பொருளுக்கு மிகவும் இன்றியமையாதது. 1876 இல் பிரான்சியராகிய எதுவார்ட் லூக்கா அது சேர்த்தி எண் என நிறுவினார். ஆயின் அதன் காரணிகளுள் ஒன்றையேனும் அவர் காட்டவில்லை, காட்டவும் இயலவில்லை. காரணி உண்டு, யாது என அறியோம் என்பதே அவர் பெற்ற முடிவு. இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, 1903 ஒக்ரோபரில், நியூயோர்க்கிலே கூடிய அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டத்தில் பிராங் நெல்சன் கோல் என்பவர் அக்காரணிகளை வெளியிட்டார். 193,707,721 ஐ 761,838,257,287 ஆற் பெருக்குக, 147,573,952,589,676,412,927 வரும், அதுவே மே-67. அவர் ஒரு சொல்லும் பேசாது கரும்பலகையிலே பெருக்கிக் காட்டிவிட்டு அமர்ந்தார் என்றும், காரணிகளைக் காண எவ்வளவு காலம் பிடித்தது எனக் கேட்டபோது மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள் என்றார் எனவும் பெல் என்னும் கணித வரலாற்றாசிரியர் எழுதியுள்ளார். பெல் கதையைச் சுவைபடச் சொல்பவர். சற்றுக் குறைத்தே நம்பவேண்டும். எனினும் கோலின் விடை எவரையும் நம்பும்படி கேட்கவில்லை. கடதாசியும் அரைமணி நேரமும் உள்ள பாடசாலை மாணவன் தானே பெருக்கிப் பார்த்துவிடலாம். மூன்றாண்டு உழைப்பின் பயனை அரைமணி நேரத்திற் பிறர் கையிலே ஒப்படைக்கக்கூடிய அறிவு அது.

லூக்காவின் அறிவு அத்தகையதன்று. அவர் வகுத்து, லேமர் 1930 இல் செம்மைப்படுத்திய சோதனை பின்வருமாறு. சுட்டி 3 அல்லது அதனிற் பெரிய முதன்மை எண்ணாயிருத்தல் வேண்டும். 4 இலிருந்து தொடங்குக. அதனை வர்க்கித்து 2 ஐக் கழித்து, சோதிக்கப்படும் எண்ணால் வகுத்து, மீதியை மாத்திரம் வைத்துக்கொள்க. அம்மீதியை மீண்டும் அவ்வாறே செய்க. சுட்டியிலும் இரண்டு குறைந்த தடவைகள் செய்து முடித்தவிடத்து மீதி பூச்சியமாயின் எண் முதன்மையானது. அன்றேல் சேர்த்தி எண். மே-7 ஆகிய 127 க்கு இது 4, 14, 67, 42, 111, 0 எனச் செல்லும். ஐந்தாம் படியிற் பூச்சியம். ஆகவே 127 முதன்மை எண். மே-11 ஆகிய 2047 க்குச் செய்தால் ஒன்பதாம் படியில் 1736 என்னும் மீதி நிற்கும். ஆகவே அது சேர்த்தி எண். (அதன் காரணிகள் 23 உம் 89 உம் என்பது வேறு வழியாற் பெறப்படுவது, 1736 அதனைச் சொல்லாது.) இவ்வொன்பது படிகளையும் ஒரு மாலையிற் கையாற் செய்து பார்த்தேன். முதல்முறை ஏழாம் படியிற் பிழைவிட்டேன் என்பதையும் மறைக்காது சொல்லிவிடுகிறேன்.

இனி, 2024 ஒக்ரோபரில் அறிவிக்கப்பட்ட எண்ணுக்கு வருவோம். அது மே-136,279,841. இலக்கங்களின் தொகை 41,024,320. செக்கனுக்கு ஓர் இலக்கமாக ஊணுறக்கமின்றி வாசிப்பவர் அதனை முடிக்க 475 நாட்கள் வேண்டும். இத்துணைப் பெரிய எண்ணைப் பற்றி மேசைமுன் அமர்ந்தபடி நான் தானாகவே அறியக்கூடியவை சில உள. அதன் இறுதி இலக்கம் 1. 2 இன் வலுக்களின் இறுதி இலக்கங்கள் 2, 4, 8, 6 என நான்குக்கு ஒருமுறை சுழல்வன. சுட்டியை நான்கால் வகுக்க ஒன்று மிஞ்சும். ஆகவே வலு 2 இல் முடியும். 1 ஐக் கழிக்க 1. அதனை மூன்றால் வகுத்தாலும் மீதி ஒன்றே. இரும முறையில் எழுதினால் 136,279,841 ஒன்றுகள் வரிசையாக நிற்கும். இடையிற் பூச்சியம் ஒன்றும் இராது. இவற்றை நான் அறிவேன் எனத் தயக்கமின்றிச் சொல்வேன். எவர் வந்து மறுத்தாலும் காரணம் காட்டவல்லேன்.

ஆனால் அது முதன்மை எண் என்பதை? லூக்கா-லேமர் தேற்றத்தின் நிறுவலை நான் படித்து விளங்கியிருக்கிறேன். இறுதி மீதி பூச்சியமாயின் எண் முதன்மையானது என்னும் பொதுக்கூற்று என் சொந்த அறிவு எனலாம். இவ்வெண்ணுக்கு மீதி பூச்சியமே என்னும் சிறப்புக் கூற்று என்னுடையதன்று. அதனைப் பெற நாலு கோடி இலக்கங்கொண்ட எண்களைப் பதின்மூன்று கோடிக்கு மேற்பட்ட தடவைகள் வர்க்கிக்க வேண்டும். அதனை எந்த மனிதரும் செய்யவில்லை, செய்யவும் முடியாது. அனுமானத்தின் ஒரு கால் என் நிலத்திலும் மறுகால் பொறியினுள்ளும் ஊன்றி நிற்கின்றது.

அறிவு எவ்வழியால் வருகின்றது என்னும் ஆராய்ச்சியை நம்மவர் அளவை என்பர். மணிமேகலையிலே சமயக்கணக்கர் திறம் கேட்கும் காதையில் அளவைகள் பத்துவரை எண்ணப்படுகின்றன. சிவஞானசித்தியாரின் ஆசிரியராகிய அருணந்தி சிவாசாரியார், பிறர் ஆறு என்றும் பத்து என்றும் அதனின் மேலென்றும் கூறுவனவெல்லாம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்பார். அவர் கருத்தில் உரை என்பது சிறப்பாக இறைநூல். இங்கு நான் அதனை நியாய நூலார் கொண்ட பொதுப்பொருளில், நம்பத்தக்க ஒருவரின் மொழி என்ற அளவிலே கொள்கிறேன். கணனி தரும் பூச்சியம் இம்மூன்றனுள் எதனைச் சாரும்?

காண்டல் என்பாருளர். தொலைநோக்கியால் சந்திரனின் மலைகளைக் காண்பதுபோல, கணனியால் கணக்கின் முடிவைக் காண்கிறோம் என்பர். இவ்வுவமை கவர்ச்சியானது, ஆயினும் எனக்கு உடன்பாடன்று. தொலைநோக்கியில் மலையின் வடிவம் கண்ணுக்கு வருகின்றது. கணனித் திரையில் வருவது எண்ணன்று. எண்ணைப் பற்றிய ஒரு செய்தி. 127 க்கான பூச்சியமும் இப்பேரெண்ணுக்கான பூச்சியமும் திரையிலே ஒரே வடிவினவாகத் தோன்றும்.

கருதல் எனலாமா? புகையைக் கண்டு நெருப்பைக் கருதுவதுபோல, திரையிற் பூச்சியத்தைக் கண்டு மீதி பூச்சியமெனக் கருதுகிறோம் என்க. அவ்வாறாயின், பொறி பூச்சியம் காட்டுமிடமெல்லாம் மீதி பூச்சியமே என்னும் வியாப்தி தவறாதிருத்தல் வேண்டும். அது தவறக்கூடியது என்பதற்கு முதன்மை எண் ஆராய்ச்சியே சான்று தந்திருக்கின்றது. 1994 இல் தோமஸ் நைஸ்லி என்னும் அமெரிக்கப் பேராசிரியர், 3 உம் 5 உம், 11 உம் 13 உம் போல இரண்டே வித்தியாசமுள்ள இரட்டை முதன்மை எண்களின் தலைகீழ்களைக் கூட்டிக்கொண்டிருந்தார். யூன் மாதத்தில் விடைகள் ஒன்றோடொன்று ஒவ்வாமை கண்டார். தமது செய்நிரலில் பிழையோ என முதலில் அதனையே துருவினார். மாதக்கணக்கில் ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு சென்று, ஈற்றில் 824,633,702,441 என்னும் எண்ணினதும் அதன் இரட்டையினதும் தலைகீழ்களை, இன்ரெல் நிறுவனத்தின் பென்ரியம் சில்லு பிழையாக வகுக்கின்றது எனக் கண்டு, ஒக்ரோபரில் வெளிப்படுத்தினார். வகுத்தலுக்கென அச்சில்லினுள் பதிக்கப்பட்டிருந்த அட்டவணையிற் சில பதிவுகள் விடுபட்டிருந்தமையே காரணம். உலகெங்கும் மேசைகளின் மீதிருந்த பொறிகள் ஐயத்துக்கு இடமின்றிப் பொய் சொல்லிக்கொண்டிருந்தன. பயனில் ஆராய்ச்சி எனப் பலர் எள்ளும் ஒரு கணக்கே அதனைக் கண்டுபிடித்தது என்பதை இவ்விடத்து நினைவூட்டாதிருக்க என்னால் இயலவில்லை.

எஞ்சியது உரை. நம்பத்தக்கவனை ஆப்தன் என்பர் நியாய நூலார். பொருளை உள்ளவாறு உணர்ந்தவனாயும், உணர்ந்தவாறே பிறர்க்குரைக்கும் விருப்பமுடையவனாயும் இருப்பவனே ஆப்தன். கணனிக்கு நம்மை ஏமாற்றும் விருப்பமில்லை. அவ்வளவில் அது பல மனிதரிலும் மேலானது. ஆனால் அதற்கு உணர்வுமில்லை. தான் சொல்வது இன்னதென அது அறியாது. பொய் சொல்லாமை ஒன்றுமட்டும் ஒருவரை ஆப்தராக்கிவிடாது. அப்படியாயின் நாம் யாருடைய மொழியை நம்புகிறோம்?

என் இளமையில், எங்களூரிற் சிறியதந்தையார் வைத்திருந்த பலசரக்குக் கடையிலே ஒரு கணக்கப்பிள்ளை இருந்தார். நாள்முடிவில் பேரேட்டின் நீண்ட நிரலை மேலிருந்து கீழாகக் கூட்டுவார். பின்னர் கீழிருந்து மேலாகக் கூட்டுவார். இரண்டும் ஒத்தாலன்றிப் பேனையை மூடார். ஏன் இவ்வாறு மாறிக் கூட்டுகிறீர்கள், மீண்டும் மேலிருந்தே கூட்டினால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். "மேலையிருந்து இன்னொருக்கா வந்தா, விட்ட பிழையைத்தான் திரும்பவும் விடுவன், தம்பி" என்றார். அப்போது அது எனக்கு வயோதிபரின் பிடிவாதமாகவே தோன்றிற்று.

மேர்சென் எண்களைத் தேடும் இணையக் கூட்டு முயற்சி 1996 இல் ஜோர்ஜ் வோல்ற்மன் என்பவரால் தொடங்கப்பட்டது. ஆயிரக்கணக்கான தொண்டர்கள் தம் கணனிகளின் ஓய்வு நேரத்தை அதற்கு அளித்துவருகின்றனர். ஓர் எண்ணை இரண்டாம் முறை லூக்கா-லேமர் வழியாற் சோதிக்கும்போது, தொடக்க எண்ணின் இரும இலக்கங்களை முன்னையதினும் வேறான ஓர் அளவுக்கு நகர்த்திவைத்தே அங்குத் தொடங்குவர். கணித அளவில் இரு வழிகளும் ஒன்றே. ஈற்றில் நகர்வை நீக்கினால் ஒரே மீதி வரவேண்டும். பொறியினுள் ஓடும் எண்களோ முற்றிலும் வேறானவை. ஆகவே முதன்முறை இடறிய இடத்திலேயே இரண்டாம் முறையும் இடறும் வாய்ப்பு மிக அருகும். எங்கள் கணக்கப்பிள்ளையின் முறைக்கும் இதற்கும் இடையே உள்ள வேறுபாடு இலக்கங்களின் தொகை மாத்திரமே.

2024 எண்ணின் வரலாறும் அவ்வாறே. லூக் டுரான்ற் என்பவர் பல நாடுகளிற் பரந்துகிடந்த கணனிகளை வாடகைக்குப் பெற்று இத்தேடலில் ஈடுபடுத்தியிருந்தார். ஒக்ரோபர் 11 இல் அயர்லாந்தின் டப்ளின் நகரிலிருந்த ஒரு செயலி, இவ்வெண் முதன்மையாகலாம் என அறிவித்தது. மறுநாள் ரெக்சாசின் சான் அந்தோனியோவிலிருந்த வேறொரு செயலி லூக்கா-லேமர் சோதனையால் அதனை உறுதிசெய்தது. அதன்பின்னரும் வெவ்வேறு மனிதர் எழுதிய வெவ்வேறு செய்நிரல்களை வெவ்வேறு வகைப் பொறிகளில் ஓட்டி, எல்லாம் ஒத்த பின்னரே ஒக்ரோபர் 21 இல் உலகுக்கு வெளியிட்டனர்.

ஆப்தர் யார் என்பதற்கு இங்கு விடை கிடைக்கின்றது என நினைக்கிறேன். பொறி ஆப்தனன்று. பொறியை நம்பாது அதற்குக் காவல் வைத்த மனிதரே ஆப்தர். நாம் ஏற்பது இயந்திரத்தின் சொல்லையன்று; இவ்வளவு ஐயுற்றோம், இன்னின்ன வழிகளால் ஐயத்தைத் தீர்த்தோம் என்னும் மனிதரின் சொல்லையே.

இதனைக் கணிதத்தின் வீழ்ச்சியாகக் கருதுவோர் உளர். அப்பெலும் ஹாக்கனும் 1976 இல் நான்கு நிறத் தேற்றத்தைக் கணனியின் துணைகொண்டு நிறுவியபோது, 1979 இல் தோமஸ் ரிமொஸ்கோ என்னும் மெய்யியலாளர், இதனால் பரிசோதனைக்குரிய ஐயம் கணிதத்துள் நுழைந்துவிட்டது என வாதித்தார். நுழைந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். புதிதாக நுழைந்தது என்பதையே மறுக்கிறேன். லூக்கா கையாற் செய்த கணக்கை நம்மில் எத்தனைபேர் மீண்டும் செய்து பார்த்தோம்? விரிவுரையில் எழுதப்படும் தேற்றங்களுள் எத்தனையின் நிறுவலைப் படிப்படியாக நாமே சரிபார்த்தோம்? உரையளவை கணிதத்தினுள் என்றும் இருந்தது. பொறி அதனை மறைக்கமுடியாதபடி வெளியிற் கொண்டுவந்தது, அவ்வளவே.

இப்பொருள் பற்றிப் பேசுகையில் ஒரு மாணவர் கூர்மையான தடையொன்றை எழுப்பினார். மனிதரும் பிழைவிடுவர், பொறியும் பிழைவிடும். பொறி குறைவாகவே விடும். அங்ஙனமாயின் மனிதக் கண் பட்ட நாளைக் கண்டுபிடிப்பு நாளாகக் கொள்வது மனித இனத்தின் வீண் செருக்கன்றோ என்றார். நேர்மையான கேள்வி. 1961 இல் அலெக்சாந்தர் ஹேர்விற்ஸ் கணனி அச்சிட்ட தாள்களை இறுதியிலிருந்து படித்துக்கொண்டு வந்தபடியால், மே-4423 முதன்மையெனச் சில கணங்கள் முன்னதாகவும், மே-4253 முதன்மையெனப் பின்னதாகவும் கண்டார். அதனால் மே-4253 அறியப்பட்ட முதன்மை எண்களுள் மிகப் பெரியது என்னும் நிலையில் ஒரு கணமும் இருந்ததில்லை எனக் கொள்வது வழக்கமாயிற்று. தாளை எப்பக்கத்திலிருந்து புரட்டினார் என்பதைப் பொறுத்து வரலாறு எழுதப்படுவது நகைப்புக்கிடமானதே.

எனினும் அவ்வழக்கை நான் கைவிடேன். மனிதக் கண் கூரியது என்பதற்காகவன்று. அறிவேன் என்று சொல்வது ஒரு பொறுப்பேற்பு. எப்படி அறிந்தாய் என்று கேட்டால் விடையிறுக்கவும், பிழையென்று காட்டினால் நாணவும், நாணித் திருத்தவும் ஒருவர் வேண்டும். நைஸ்லி தம் செய்நிரலை முதலில் ஐயுற்றது இந்நாணத்தால். அந்தப் பென்ரியம் சில்லுக்கு நாணமில்லை. பிழையாக வகுத்த எண்ணையே மறுமுறையும் அமைதியாக அவ்வாறு வகுத்தது. 112 நாட்கள் மிசூரியின் விடை கிடந்தபோது உண்மை இருந்தது, பதிவும் இருந்தது. அதற்குப் பொறுப்பேற்க ஒருவருமில்லை. எனவே அது அறியப்பட்டிருக்கவில்லை என்பேன்.

இவ்வாறு சொல்லிவிட்டால், இதிலிருந்து எழும் சங்கடமான ஒரு கேள்வியையும் தட்டிக்கழிக்கக்கூடாது. முதன்மையென அறிவிக்கப்படும் எண்ணைப் பலர் பலமுறை சோதிப்பர், புகழ் அங்குள்ளது. பூச்சியமல்லாத மீதி வந்து, சேர்த்தியெனத் தள்ளப்பட்ட எண்ணின் நிலை என்ன? பொறி ஒருகணம் இடறி, பூச்சியம் வரவேண்டிய இடத்தில் வேறோர் எண் வந்திருந்தால், ஒரு முதன்மை எண் தள்ளப்பட்டவற்றுள் கிடக்கும். அதற்காக வாதாட ஒருவரும் வரார். பரீட்சைத்தாள் திருத்துவோர்க்கு இது புதிய செய்தியன்று. சித்தியடைந்தவனின் தாளிலுள்ள கூட்டற்பிழையைப் பிறர் எப்படியும் கண்டுகொள்வர். தள்ளப்பட்டவனின் தாள் கட்டினுள் போய்விடும்.

பார்க்கப்படாது விடப்பட்ட இடமும் அத்தகையதே. மே-132,049 1983 இலும், மே-216,091 1985 இலும் முதன்மையென அறியப்பட்டன. அவையிரண்டிலும் சிறிய மே-110,503 அக்காலமெல்லாம் காணப்படாது கிடந்து, 1988 இல் கொல்குயிற், வெல்ஷ் என்னும் இருவரால் கண்டெடுக்கப்பட்டது. பெரியவற்றை நாடி ஓடியோர் தாண்டிச் சென்ற இடத்திலே அது இருந்தது.

2020 இலிருந்து, கணிப்பு ஒழுங்காக நடைபெற்றது என்பதைச் சிறுபொழுதிற் சோதித்துக்கொள்ள உதவும் சான்றொன்றை விடையுடன் சேர்த்தனுப்பும் முறை அக்கூட்டு முயற்சியில் வழக்கிற்கு வந்துள்ளது. கோல் தம் இரு காரணிகளால் செய்ததற்கு அது சிறிது அண்மித்தது. ஆனால் அதற்கு முன்னர் ஒருமுறை மாத்திரம் சோதித்துத் தள்ளப்பட்ட எண்கள் பெருந்தொகையாக எஞ்சியிருந்தன. அவற்றைக் கீழிருந்து மேலாக, ஒவ்வொன்றாக எடுத்து மீண்டும் சோதிக்கும் வேலையைச் சில தொண்டர்கள் தமது பழைய கணனிகளில் செய்துவருகின்றனர். பெரும்பாலும் அவர்கள் பெறும் விடை, முன்னர் வந்த அதே மீதிதான்.